'பதினாலாம் பெட் அட்டெண்டர் யாரு?'

அரசு மருத்துவமனை வார்டுகளில் காலை நேரத்தில் அதிகம் கேட்கிற கேள்வி இது. சிஸ்டர் வாசலில் நின்று குரல் கொடுப்பார். வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், தூக்குச்சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வருவார். அவர் கையில் ஒரு சீட்டும் ரத்தக் குப்பியும் தரப்படும். "இத லேப்ல குடுத்துட்டு வாங்கம்மா." எந்த லேப், எந்த மாடி, கொடுத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டுமா, ரிசல்ட்டை யார் வாங்குவது, அதுவரை படுக்கையில் கிடப்பவரை யார் பார்த்துக்கொள்வது? எதையும் கேட்க நேரமில்லை. சிஸ்டர் பதினாறாம் பெட்டுக்குப் போயிருப்பார். அவரைக் குறை சொல்லவும் மனம் வராது. இரண்டு மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை அவர் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓடி வந்த பெண்ணின் பெயர் மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் கிடையாது. ஆனால் அவர் ஒரு நாள் வராவிட்டால் வார்டு திணறிப்போகும். ரத்த மாதிரியைச் சுமப்பவர், ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தள்ளுபவர், டிரிப் தீர்ந்துவிட்டதா என்று ராத்திரியெல்லாம் அண்ணாந்து பார்ப்பவர், பெட்பேன் வைப்பவர், கஞ்சி ஊட்டுபவர், துணி மாற்றுபவர் எல்லாம் அவர்தான். இவ்வளவு வேலையை வாங்கிக்கொள்ளும் நிறுவனம், வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லித் தராமல் உள்ளே விடுகிறது.

நோயாளிக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் மருத்துவமனைகள் ஒரு வரவேற்புக் கையேடு தர வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நல்ல யோசனை. ஆனால் இப்படி ஒன்று அச்சாகும்போது அதை யார் எழுதுவார்கள், யாரை நினைத்துக்கொண்டு எழுதுவார்கள் என்பதை வைத்துத்தான் அது பயன்படுமா, பழைய பேப்பர்க் கடைக்குப் போகுமா என்பது தெரியும். என் கட்சி இது: கையேடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை நினைத்து எழுதப்பட வேண்டும். அவரிடம் மருத்துவமனை என்ன எதிர்பார்க்கிறது, மருத்துவமனையிடம் அவர் என்ன எதிர்பார்க்கலாம் என்ற இரண்டும் அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

பளபளப்பும் பலகையும்

பெரிய தனியார் மருத்துவமனைகளில் இப்படி ஒரு புத்தகம் இப்போதே உண்டு. வழவழப்பான தாள், அட்டையில் சிரிக்கும் டாக்டர், உள்ளே நிறுவனரின் செய்தி, வாங்கிய விருதுகள், அறை வகைகள், வை-ஃபை, வண்டி நிறுத்தும் இடம். கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும், ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு இரைத்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது கண்ணில் படாது. நாளைக்குப் பில் எவ்வளவு ஏறும் என்பது நிச்சயமாக இருக்காது.

அரசு மருத்துவமனைகளில் புத்தகத்துக்குப் பதில் பலகை. 2007-இல் வெளியான இந்தியப் பொது சுகாதாரத் தரநிலைகள், குடிமக்கள் சாசனத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கின்றன. வைத்தும் இருக்கிறார்கள்: போர்டிகோவில், ஆள் உயரத்துக்கு மேலே, தலைமைச் செயலகத் தமிழில். 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளிகளுக்கு 17 உரிமைகளை வகுத்து ஒரு சாசன வரைவு தந்தது. தகவல் பெறும் உரிமை, ஆவணங்களைப் பெறும் உரிமை, இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை என்று முக்கியமானவை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் பக்கவாதம் வந்த கணவரை விடியற்காலையில் 108-இல் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவருக்கு அந்த நிமிடத்தில் வேண்டியது, ஓ.பி. சீட்டு எங்கே போடுவார்கள், சிவப்பு மண்டலம் என்று எதைச் சொல்கிறார்கள், தன்னை ஏன் வெளியே நிற்கச் சொல்கிறார்கள் என்பதுதான். உரிமைகளின் பட்டியல் அதற்குப் பிறகு.

மேற்கத்திய மருத்துவமனைகளின் கையேடுகளைப் பார்த்து எழுதலாமே என்பார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே இதன் வரலாறே வேறு. பிரிட்டனில் 1950-கள் வரை, குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பெற்றோர் அதைப் பார்ப்பதற்கே கடுமையான நேரக் கட்டுப்பாடு இருந்தது. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒடுங்கிப்போவதை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் ஆவணப்படமாக எடுத்துக் காட்டினார். மருத்துவர்கள் பலருக்கு அது கசந்தது. 1959-இல் பிளாட் குழு அறிக்கை வந்து, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கச் சொல்லி, அது வார்டுகளில் நடைமுறையாக மேலும் பல ஆண்டுகள் ஆயின. குடும்பத்தை உள்ளே விடுவதற்கான போராட்டம் அது.

இங்கே குடும்பம் வெளியேறியதே இல்லை. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளின் உறவினர்களையும் வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். இடநெருக்கடிக்காகத் தொடங்கியதாக இருந்தாலும், உறவினர் கூட இருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியதை அவர் பார்த்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் அதே வழியில், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்கியிருப்பதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிறது. கூட இருப்பவரைத் தொந்தரவாக நினைக்காமல் துணையாக நினைத்த மருத்துவம் இந்தியாவுக்குப் புதிதல்ல. நம் பொது வார்டுகளுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

அரை டம்ளர் காபி

கையேட்டில் என்னென்ன வர வேண்டும் என்று யோசிக்க அலுவலக அறை சரியான இடமில்லை. ஸ்கேன் அறைக்குப் போகும் சாய்தளப் பாதையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். அப்படி நின்றபோது பார்த்தது: ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர், தள்ளுபவர் ஒருவர், பக்கவாட்டில் மகன். மகனின் வலது கையில் டிரிப் பாட்டில், இடது கையில் யூரின் பை. இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். பாட்டிலை உயரமாகப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். பையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே தூக்கினால் பைக்குள் போனது குழாய் வழியாக மறுபடி சிறுநீர்ப்பைக்கே திரும்பும், கூடவே கிருமியும் போகும். அதனால் வரும் காய்ச்சலுக்கு அப்புறம் ஊசி போடுவார்கள், வார்டில் இன்னும் சில நாள் கூடும். ஒரே ஒரு படம், கீழே ஆறு வார்த்தை. அதற்கு மேல் செலவில்லை.

இன்னொன்று எல்லா அறுவை சிகிச்சை வார்டிலும் நடப்பது. "நாளைக்குக் காலையில ஆபரேஷன், ஒண்ணும் சாப்பிடக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நம் வீடுகளில் காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்த்தார்கள்? விடிகாலை ஐந்து மணிக்கு, தலை வலிக்கிறது என்று மகன் கெஞ்சுவான். அம்மா வெளியே போய் அரை டம்ளர் காபி வாங்கி வந்து, ஆற்றிக் கொடுப்பார். ஒன்பது மணிக்கு மயக்க மருந்து டாக்டர் கேட்பார். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், வார்டே அந்த அம்மாவைத் திட்டும். பயந்து மறைத்தால் அதைவிட ஆபத்து: மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம். இந்தக் காரணத்தை யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால், உலகமே கெஞ்சினாலும் அந்த அரை டம்ளர் வந்திருக்காது. பொதுவான விதி எளிமையானது. சாப்பாடும் பால் சேர்ந்த எதுவும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை, அதுவும் டாக்டர் சொன்னால். 'பால் காபியும் சாப்பாடுதான்' என்று ஒரு வரி தமிழில் அச்சிட்டிருக்கும் ஒப்புதல் படிவம் எதையும் நான் பார்த்ததில்லை.

பக்கவாத நோயாளிக்கு விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும் வரை வாயில் தண்ணீர்கூட விடக் கூடாது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்ததும் உடனே சாய்த்துவிடக் கூடாது. அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். டிரிப் மெதுவாகப் போகிறதே என்று உருளையைத் திருப்பி வேகம் கூட்டக் கூடாது. நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுத்துச் சொல்லித் தரும் இவை எல்லாமே, நடைமுறையில் அத்தையும் மாமனும் கொழுந்தனும் செய்கிற வேலைகள்.

சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வார்களா என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம். நூரா ஹெல்த் என்ற அமைப்பு, பெங்களூரு நாராயணா மருத்துவமனையில் இதய நோயாளிகளின் உறவினர்களை வைத்துத் தொடங்கிய பயிற்சி, இன்று பல மாநில அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. செவிலியர் ஒருவர் வார்டிலேயே உறவினர்களை உட்கார வைத்து, கை கழுவுவதிலிருந்து ஆபத்து அறிகுறிகள் வரை செய்துகாட்டுகிறார். இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் மதுரை இருக்கிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். கண்ணின் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே புரை இருக்கிறது, லென்ஸ் எங்கே வைப்பார்கள், எத்தனை விதம், என்ன விலை என்று மதுரைத் தமிழில் சொல்வார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்குகிற பாட்டி அவர்களிடம் தயங்காமல் கேட்கிறார்.

ரவுண்ட்ஸ் நேரம்

காலையில் யூனிட் சீஃப் ரவுண்ட்ஸ் வருவார். பின்னால் உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னதாகவே செக்யூரிட்டி உள்ளே வந்து, "அட்டெண்டர்ஸ் எல்லாம் வெளிய போங்க" என்று விரட்டத் தொடங்குவார். நோயாளியின் நிலைமை பற்றி முடிவெடுக்கக்கூடிய மருத்துவர் படுக்கையருகே நிற்பது நாளில் அந்தச் சில நிமிடங்கள்தான். அப்போதுதான் கேட்டுக்கொள்ள வேண்டியவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். "ராத்திரி தூங்கினாரா, மோஷன் போனாரா?" என்று சீஃப் கேட்கிற கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவரும் அதே கதவுக்கு வெளியேதான் நிற்கிறார். நம் மருத்துவமனைகளின் நடைமுறைகளில் இதைவிடத் தலைகீழான ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு நாள் முழுக்க வெள்ளைக் கோட்டைக் கண்டால் பின்னாலேயே ஓட்டம்தான். பயிற்சி மருத்துவர் ஒன்று சொல்வார், பி.ஜி. இன்னொன்று சொல்வார், ஆயா மூன்றாவதாக ஒன்று சொல்வார். (ஆயா சொல்வதுதான் புரியும் என்பது தனிக் கதை.) மூன்றையும் கேட்டுவிட்டு ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டால், அவர் அங்கிருந்தே கோபப்படுவார். அடுத்த பஸ்ஸில் ஏறி வருவார். வார்டு வாசலில் சண்டை அப்படித்தான் தொடங்குகிறது.

2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். எந்தக் காரணமும் அதை நியாயப்படுத்தாது. அதைத் தொடர்ந்து பாதுகாப்பு ஏற்பாடுகள் கூடின, உடன் வருவோருக்குக் கையில் கட்டும் அடையாளப் பட்டை வந்தது. மருத்துவ ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிரான 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டும் பலகை எல்லா வாசலிலும் இருக்கிறது. இவை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டை கட்டும் அந்த நிமிடம், ஒவ்வொரு அட்டெண்டரையும் மருத்துவமனை நேருக்கு நேர் சந்திக்கிற ஒரே நிமிடம். கையில் பட்டையைக் கட்டுபவர் அதே கையில் நான்கு பக்கத் தாள் ஒன்றையும் கொடுக்கலாம்.

அந்தத் தாளின் முதல் பக்கத்தில் நீண்ட வாசகம் ஏதும் வேண்டாம். சில கோடிட்ட இடங்கள் போதும். வார்டு, படுக்கை எண். எந்த யூனிட். யூனிட் தலைவர் பெயர். உங்களிடம் பேசும் டாக்டர் யார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பேசுவார். ராத்திரி அவசரம் என்றால் யாரை எழுப்ப வேண்டும். இவற்றைச் சேர்க்கும்போதே பேனாவால் நிரப்பித் தர வேண்டும். அச்சடித்த வரிகளைவிட இந்தக் கோடுகள்தான் கஷ்டமானவை. 'மதியம் 12 மணி, வார்டு வாசல் மேஜை' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பன்னிரண்டு மணிக்கு ஒருவர் அங்கே வந்து நின்றாக வேண்டும். கையேடு போடலாம் என்ற யோசனை பல மருத்துவமனைகளில் கோப்போடு நின்றுபோவதற்குப் பணத்தட்டுப்பாட்டைவிட இந்தத் தயக்கமே காரணம் என்று நினைக்கிறேன். வாயால் சொன்னதை மறுத்துவிடலாம், தாளில் இருப்பதை மறுக்க முடியாது.

மருத்துவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. நூறு படுக்கைக்கு நூற்றைம்பது பேர் இருக்கும் வார்டில் ஒவ்வொரு குடும்பத்தோடும் தனித்தனியாக எப்படிப் பேசுவது? ஆனால் இப்போதும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்: நடைபாதையில், லிஃப்டில், டீக்கடையில், ஒரே கேள்விக்கு ஒரே பதிலை ஐந்து உறவினர்களிடம். ஒரு குடும்பத்துக்கு ஒருவர், ஒரு நேரம் என்று வைத்தால் அந்த ஐந்தில் நான்கு மிச்சம்.

காசும் கையெழுத்தும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பெயரைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இலிருந்து இப்போதைய பெயரில் நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை; ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்து இப்போது 1,20,000 ரூபாய். இவ்வளவும் விளம்பரத்தில் வந்துவிட்டது. வராதது இதுதான்: திங்கட்கிழமை ஆபரேஷனுக்குச் சனிக்கிழமை மாலை "கார்டு இருக்கா?" என்று கேட்பார்கள். கார்டு இல்லை, வருமானச் சான்று வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ.வைப் பார்க்க வேண்டும், அவரைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும். வார்டில் இருக்கும் ஒரே ஆளும் பஸ் ஏறிவிட்டால் நோயாளியை யார் பார்ப்பது? சேர்த்த அன்றே, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் கொண்டுவரச் சொல்லி, காப்பீட்டு அறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று காட்டி, 1800 425 3993 என்ற இலவச எண்ணையும் எழுதிவிட்டால் ஊரில் இருப்பவர் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வார். கார்டு இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையில் வைத்தியமே கிடையாது என்று பயப்பட வேண்டாம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் நகையை அடகு வைக்க ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, யாரும் அச்சில் போட விரும்பாத விஷயம். ஸ்ட்ரெச்சர் தள்ள, டிரஸ்ஸிங் மாற்ற, பிரசவ அறையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்ட என்று கை நீட்டுவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆண் குழந்தைக்கு ஒரு ரேட், பெண் குழந்தைக்கு ஒரு ரேட் என்பது வரை தெரியும். 'லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்' என்று சுவரில் எழுதுவதால் பயன் இல்லை. கையேட்டில் வேலையின் பெயரோடு எழுத வேண்டும்: ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசில்லை. குழந்தையைக் காட்டக் காசில்லை. பிணவறையில் காசில்லை. கேட்டால் நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.) அறை இங்கே இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டு அவர்களை மட்டும் குற்றவாளி ஆக்குகிறோமே என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை நோயாளியின் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தர முடியாது.

கையெழுத்து விஷயத்திலும் குடும்பங்களுக்குத் தெளிவு வேண்டும். நோயாளி வயது வந்தவர், நல்ல நினைவோடு படுத்திருக்கிறார். ஆனால் ஒப்புதல் படிவத்தை அண்ணனிடம் நீட்டுவார்கள், அண்ணனும் போடுவார். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றிவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவை சிகிச்சைக்கு ஆகாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது தாயின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. நம் வீடுகளில் பெண்களின் உடம்பைப் பற்றி யார் யாரோ முடிவெடுக்கும் வழக்கத்தை நினைத்தால், இந்த ஒரு பத்தி கையேட்டில் இருந்தே தீர வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவண நகல் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்வதையும், விபத்து வழக்குகளில் விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகல் வாங்கி வைக்காவிட்டால் பின்னால் இழப்பீட்டுக்கு அலைய நேரும் என்பதையும் இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

வீட்டுக்குப் போகும் நாள்

டிஸ்சார்ஜ் என்றதும் எல்லோருக்கும் அவசரம். ஆட்டோ வந்துவிட்டது, பெட்டுக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு தாள், ஒரு பை மாத்திரை. 'பி.டி.', 'டி.டி.எஸ்.', '1-0-1' என்ற குறிகளை மருந்தகத்தில் ஒருவர் வாயால் மொழிபெயர்த்துச் சொல்வார்; வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடும். அடுத்த மாதம் அதே மருந்து வேறு நிறத்தில் வரும். பழையது வெள்ளை, புதியது ரோஸ். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். ரிவ்யூவுக்கு வரும் நாளும் அப்படித்தான். உங்கள் யூனிட்டின் ஓ.பி. செவ்வாயும் வெள்ளியும் என்றால் புதன்கிழமை வந்து பயனில்லை, மறுபடி வரச் சொல்வார்கள். ஒரு நாள் கூலி போய், பஸ் செலவும் போகும். கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எடுக்கிற மாதிரி அடித்து, மாத்திரைப் பெயர், காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின், அடுத்து வரும் கிழமை, எந்த அறிகுறி வந்தால் கிழமை பார்க்காமல் ஓடி வர வேண்டும் என்பதைத் தமிழில் நிரப்பித் தரலாம். கொடுப்பவர், "எங்க, இப்ப நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்க வேண்டும்.

எல்லோரும் வீட்டுக்குப் போவதில்லை. மரணம் பற்றிய தகவலை வரவேற்புக் கையேட்டில் சேர்ப்பதா என்ற கேள்வி வரும். சேர்க்கக் கூடாது என்பது என் எண்ணம். நம்பிக்கையோடு உள்ளே வருபவர் கையில் பிணவறைக்கு வழி கொடுப்பது குரூரம். அதற்குத் தனியாக ஒரு தாள், டூட்டி சிஸ்டரின் மேஜையில் இருக்கட்டும். போஸ்ட்மார்ட்டம் எப்போது கட்டாயம், போலீஸ் எதற்காக வருகிறது, இறப்புப் பதிவை எங்கே செய்வார்கள், உடலை ஊருக்குக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் காத்திருக்கும் தனியார் ஆம்புலன்ஸ் தரகர்கள் கேட்கிற தொகை தெரிந்தவர்களுக்கு, இந்தத் தாளின் மதிப்பும் தெரியும்.

யார் எழுதுவது?

மக்கள் தொடர்பு அலுவலர் எழுதினால் 'தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று முடியும். டாக்டர் எழுதினால் மூன்றாம் வரியில் ஆங்கிலம் வந்துவிடும். வார்டு வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, மருந்தகச் சன்னலில் இருப்பவர், இரவு டூட்டி சிஸ்டர், பத்து வருஷமாக அதே வார்டைப் பெருக்கும் ஆயா, போன மாதம் டிஸ்சார்ஜ் ஆனவரின் மனைவி ஆகியோரை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, 'ஜனங்க உங்ககிட்ட என்ன கேக்கிறாங்க?' என்று கேட்டு எழுதிக்கொண்டாலே முக்கால்வாசி முடிந்துவிடும். மீதியை டாக்டர்கள் சரிபார்க்கட்டும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் ஏறக்குறைய 80 சதவீதம். மீதி இருப்பவர்களில் பெரும்பகுதி வயதானவர்களும் பெண்களும். நோயாளிகளும் அட்டெண்டர்களும் அதிகம் இருப்பது அவர்களிடையேதான். அதனால் படம் வேண்டும், வார்டு ஒலிபெருக்கியில் காலையும் மாலையும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். கியூ.ஆர். குறியீடு போட்டால் போதும் என்று சொல்லும் அதிகாரிகள், வராந்தாவில் போனுக்குச் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் தேடிப் பார்க்கட்டும். சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கு ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கோவையிலும் திருப்பூரிலும் கட்டட வேலையில் அடிபட்டு வருபவர் ஒடியாவோ இந்தியோ பேசுபவராக இருக்கலாம். தமிழ்ப் பதிப்பு சரியாக வந்த பிறகு அந்த மொழிகளிலும் போடலாம். முதல் நாளே ஐந்து மொழி என்று ஆரம்பித்தால் ஐந்தும் அரைகுறையாகத்தான் வரும்.

அச்சானதும் முதல் பிரதியை அமைச்சரிடம் கொடுத்துப் படம் எடுப்பதற்கு முன்னால், அன்று காலை வந்து சேர்ந்த யாராவது ஒருவர் கையில் கொடுத்து, யாரிடமும் வழி கேட்காமல் சி.டி. ஸ்கேன் அறைக்குப் போகச் சொல்ல வேண்டும். வழி தவறினால் தப்பு அவருடையதல்ல, வரைபடத்தை மாற்றுங்கள். அட்டையில் தேதியும் போடுங்கள், லேப் வேறு மாடிக்குப் போனதும் பழைய பதிப்பைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் வேண்டாம். ஏதாவது ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், ஒரே ஒரு வார்டில் தொடங்கலாம். என்னைக் கேட்டால் எலும்பு முறிவு வார்டு என்பேன். அங்கே நோயாளிகள் வாரக்கணக்கில் கம்பி போட்டுப் படுத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அட்டெண்டர்களுக்குத் திருத்தம் சொல்ல நேரமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.